கேட்கப்பட்டதும் கிடைத்ததும்: அமெரிக்க வேளாண் துறை கறுப்பின விவசாயிகளைத் தேடிச் சென்ற கதை

ஓர் ஊரில் வன்கொடுமை நிகழ்ந்தாலோ, ஒடுக்கப்பட்டோரின் நிலம் பறிக்கப்பட்டாலோ நாம் முதலில் எழுப்பும் கோரிக்கை, உயர் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதே. அவர் வருவதற்கே சாலை மறியலும் உண்ணாநிலைப் போராட்டமும் தேவைப்படுகின்றன. வந்தபின் நாற்காலிகள் போடப்படுகின்றன, மனுக்கள் பெறப்படுகின்றன, மக்கள் அழுது சொல்கிறார்கள், உதவியாளர் குறிப்பெடுக்கிறார். வண்டி புறப்பட்டுச் சென்றபின் அந்த வருகை எதைச் சாதித்தது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விரிவான விடை தரும் நிகழ்வு ஒன்று அமெரிக்க ஒன்றியத்தில் நடந்துள்ளது. 1997 ஜனவரியில், அந்நாட்டின் வேளாண் துறைத் தலைமை நிறப்பாகுபாடு குறித்த புகார்களைக் கேட்பதற்காக நாட்டின் பல பகுதிகளுக்கும் நேரில் சென்றது. ஓர் அரசுத் துறையின் தலைமையே தன் சொந்த அலுவலகங்களுக்கு எதிரான சாட்சியங்களைத் திரட்டிய அரிய நிகழ்வு அது. அந்தப் பயணத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைச் சேர்த்துப் படித்தால், உண்மையறியும் வருகை ஒன்றிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்பது தெளிவாகும்.

உள்ளூர் அலுவலகத்தின் அதிகாரம்

அமெரிக்க வேளாண் துறை 1862இல் ஆபிரகாம் லிங்கன் ஆட்சிக் காலத்தில் நிறுவப்பட்டது. அவர் அதை மக்களின் துறை என்று குறிப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டில் அத்துறை விவசாயிகளுக்குக் கடன் வழங்கும் அமைப்பாகவும் வளர்ந்தது. வேறெங்கும் கடன் கிடைக்காத விவசாயிக்குக் கடைசிப் புகலிடம் அதுவே என்பது சட்டத்தின் நோக்கம்.

ஆனால் அந்தக் கடனை யாருக்கு, எப்போது, எவ்வளவு தருவது என்பதை வாஷிங்டன் தீர்மானிக்கவில்லை. நம் வட்டத்தையோ சிறிய மாவட்டத்தையோ ஒத்த ‘கவுண்டி’ என்னும் நிர்வாகப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு விவசாயக் குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் அவ்வூர் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கேட்பதற்கு இது அடித்தள ஜனநாயகமாகவே தோன்றும். தெற்கு மாநிலங்களிலோ அது நிலவுடைமை வெள்ளையர்களின் கைப்பிடியில் இருந்தது. கறுப்பினத்தார் வாக்குச்சாவடிக்கே செல்ல முடியாதிருந்த பகுதிகளில், விவசாயக் குழுத் தேர்தல் மட்டும் வேறுவிதமாக எப்படி நடந்திருக்கும்? 1990களின் நடுப்பகுதியில்கூட, நாடு முழுவதும் இருந்த 8,147 கவுண்டிக் குழு உறுப்பினர்களில் கறுப்பினத்தார் 37 பேர் மட்டுமே. இந்தக் கணக்கு பின்னர் நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றது.

பாகுபாடு வெளிப்படையான மறுப்பாக மட்டும் வரவில்லை. பெரும்பாலும் தாமதமாக வந்தது. விதைப்புக் காலத்துக்கு முன் வந்து சேராத கடன் விவசாயிக்குக் கடனே அன்று. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கறுப்பின விவசாயி 1984 ஜனவரியில் கடனுக்கு விண்ணப்பித்தார். பரிசீலனையில் இருப்பதாக முதலில் சொன்ன அதே அதிகாரி, அடுத்த மாதம் அப்படியொரு விண்ணப்பமே வந்ததாகப் பதிவு இல்லை என்றார். மீண்டும் விண்ணப்பித்துப் பணம் கைக்கு வந்தபோது நடவுப் பருவம் முடிந்திருந்தது. சில தென்கிழக்கு மாநிலங்களில் வெள்ளையர் விண்ணப்பத்தைப் போல மூன்று மடங்கு காலம் கறுப்பினத்தாரின் விண்ணப்பங்கள் கிடப்பில் இருந்தன.

கிடைத்த கடனும் பல வேளைகளில் ‘கண்காணிப்புக் கணக்கில்’ போடப்பட்டது. அதிகாரியின் கையொப்பமின்றி விவசாயி தன் கடன் பணத்திலிருந்து விதையோ உரமோ வாங்க முடியாது. விளைச்சல் பொய்த்தால் தவணை தவறும். தவணை தவறினால் அடமானத்தில் இருக்கும் நிலம் ஏலத்துக்கு வரும். எந்த நிலம் எப்போது ஏலத்துக்கு வரும் என்பது உள்ளூர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். கடன் தர மறுத்த குழுவினரும் நிலத்தை வாங்கும் வசதி படைத்தவர்களும் ஒரே சமூக வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

1920இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தனர். அந்நாட்டு விவசாயிகளில் ஏழில் ஒருவர் கறுப்பினத்தவர். 1992 வேளாண் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 19,000க்கும் கீழே இறங்கியிருந்தது. இயந்திரமயமாக்கல், நகரங்களுக்கான பெயர்ச்சி, குத்தகைமுறையின் சரிவு ஆகியவையும் இதற்குக் காரணங்கள்தாம். வெள்ளையின விவசாயிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும் கறுப்பினத்தாரின் வீழ்ச்சி அதனினும் பன்மடங்கு வேகமானது. அந்த வேகத்தில் அரசின் கையும் இருந்தது என்பதே விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டு.

அறிக்கைகள் இல்லாமல் இல்லை

இந்தக் குற்றச்சாட்டு 1997இல்தான் வெளியே வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1965இலேயே அமெரிக்கக் குடியுரிமை ஆணையம் வேளாண் திட்டங்களில் நிலவும் பாகுபாடு குறித்து அறிக்கை வெளியிட்டது. 1982இல் அதே ஆணையம் கறுப்பின விவசாயத்தின் வீழ்ச்சி பற்றித் தனி அறிக்கை தந்தது. நிலைமை இப்படியே தொடர்ந்தால் நூற்றாண்டின் இறுதிக்குள் கறுப்பின விவசாயிகளே இல்லாமல் போகக்கூடும் என்று அது எச்சரித்தது. 1990இல் நாடாளுமன்றத்தின் கீழவைக் குழுவொன்று, இந்த வீழ்ச்சிக்கு வேளாண் துறையின் கடன் முகமையே முதன்மைக் காரணமா என்ற கேள்வியைத் தன் அறிக்கையின் தலைப்பிலேயே எழுப்பியது.

மூன்று அறிக்கைகளும் ஒன்றையே சொல்லின. அவற்றால் உள்ளூர் அலுவலகங்களில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை. மாறாக, 1982 எச்சரிக்கை வந்த மறு ஆண்டே, ரீகன் ஆட்சியில், வேளாண் துறையின் குடியுரிமைப் புகார்களை விசாரிக்கும் பிரிவு கலைக்கப்பட்டது. விவசாயிகள் அதன்பின்னும் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவற்றைப் படித்து விசாரிக்க ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. கடன் பாகுபாட்டுக்கு எதிராக வழக்குத் தொடர அந்நாட்டுச் சட்டம் அளித்த காலவரம்பு அப்போது இரண்டே ஆண்டுகள். அரசு தங்கள் புகாரை விசாரிக்கிறது என்று நம்பிக் காத்திருந்தவர்கள், அந்தக் காத்திருப்பினாலேயே நீதிமன்றத்தின் கதவை இழந்தார்கள்.

இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். புகாரை நிராகரிப்பது ஒருவகை அநீதி. புகாரைப் பெற்றுக்கொண்டு எதுவும் செய்யாதிருப்பது அதனினும் நுட்பமான அநீதி. நிராகரிக்கப்பட்டவர் அடுத்த வழியைத் தேடிப் போவார். காத்திருக்கச் சொல்லப்பட்டவரோ இருக்கும் இடத்திலேயே நின்றுவிடுவார்.

1996 டிசம்பர் முதல் 1997 பிப்ரவரி வரை

1996 டிசம்பரில் கறுப்பின விவசாயிகள் வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே திரண்டார்கள். நிலம் பறிமுதலாவதை நிறுத்து, தேங்கிக் கிடக்கும் புகார்களுக்குத் தீர்வு சொல் என்பவை அவர்களின் கோரிக்கைகள். அதே மாதத்தில் வேளாண் துறைச் செயலாளர் டான் கிளிக்மன் ‘குடியுரிமைச் செயற்குழு’ ஒன்றை அமைத்தார். அங்கு ‘செயலாளர்’ எனப்படுபவர் நம் வழக்கில் ஒன்றிய அமைச்சருக்கு நிகரானவர். பாகுபாடு நிலவும் அதே துறையின் உயர் அதிகாரிகளே அந்தக் குழுவில் இருந்தனர். இதுவே அதன் பலவீனம். பின்னர் பார்க்கப்போவது போல் இதுவே அதன் வலிமையாகவும் ஆனது.

1997 ஜனவரியில் அக்குழு நாடெங்கும் 11 இடங்களில் 12 கேட்பு அமர்வுகளை நடத்தியது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். துறைத் தலைமையே விவசாயிகளின் முன் அமர்ந்து செவிமடுத்தது. கறுப்பினத்தார் மட்டுமன்றி, பூர்வகுடி மக்களும் ஸ்பானிய வழி விவசாயிகளும் பெண் விவசாயிகளும் பேசினர். துறைக்குள்ளேயே பணியாற்றிய சிறுபான்மை ஊழியர்களும் தங்களுக்கு எதிரான பாகுபாட்டை எடுத்துரைத்தனர்.

பிப்ரவரியில் அறிக்கை வெளியானது. அதில் 92 பரிந்துரைகள் இருந்தன. கவுண்டிக் குழுக்களில் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் போதிய இடமில்லை. குடியுரிமையை மீறும் அதிகாரிகள் அதற்குப் பொறுப்பேற்க வைக்கப்படுவதில்லை. புகார் விசாரணை அமைப்பு சீர்குலைந்துள்ளது என்பவற்றை அது ஒப்புக்கொண்டது. தங்கள் நிலத்தைப் பறிக்கும் சதியில் இத்துறையும் பங்காளி என்று விவசாயிகள் பலர் நம்புவதையும் அது மறைக்காமல் பதிவு செய்தது. அதே மாதத்தில் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தனியே வெளியிட்ட மதிப்பீடும், புகார்களைக் கையாளும் முறைக்கு ஒழுங்கோ திசையோ பொறுப்புடைமையோ இல்லை என்று கண்டறிந்தது.

அறிக்கை ஆயுதமான விதம்

முந்தைய அறிக்கைகள் வெளியிலிருந்து வந்தவை. ஆணையம் சொன்னது, நாடாளுமன்றக் குழு சொன்னது என்று துறை அவற்றை ஒதுக்கிவிட முடிந்தது. 1997 அறிக்கை துறையின் சொந்தக் கையெழுத்தில் வந்த வாக்குமூலம். துறைத் தலைவரே அமைத்த குழு, துறையின் அதிகாரிகளைக் கொண்டே எழுதியது. அதை மறுப்பதற்கு அரசு வழக்கறிஞர்களால் எளிதில் முடியவில்லை.

1997 ஆகஸ்டில் விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். முதல் மனுதாரர் வட கரோலினாவைச் சேர்ந்த டிமொத்தி பிக்ஃபோர்ட், எதிர்மனுதாரர் கிளிக்மன். ‘பிக்ஃபோர்ட் எதிர் கிளிக்மன்’ என்று இவ்வழக்கு அறியப்படுகிறது. கேட்பு அமர்வுகளை நடத்தியவரே எதிர்மனுதாரராக நிற்க, அவர் அமைத்த குழுவின் கண்டறிதல்களே மனுதாரர்களுக்குச் சான்றாயின. 1998 அக்டோபரில் நாடாளுமன்றம் சிறப்புச் சட்டப்பிரிவு ஒன்றின் வழியாக இரண்டாண்டுக் காலவரம்பைத் தளர்த்தியது. 1981 முதல் 1996 வரை நேர்ந்த பாகுபாடுகளுக்கும் நீதி கேட்கும் வழி அதனால் திறந்தது. 1999 ஏப்ரல் 14இல் நீதிபதி பால் ஃபிரீட்மன், இரு தரப்பும் எட்டிய உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்துத் தீர்ப்பெழுதினார். உள்நாட்டுப் போரின் முடிவில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு வாக்களிக்கப்பட்டுப் பின்னர் பறிக்கப்பட்ட நாற்பது ஏக்கர் நிலத்தை நினைவூட்டியே அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது.

உடன்பாட்டின்படி பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த வழியில், பாகுபாட்டை மெய்ப்பித்தவருக்கு 50,000 டாலரும் அரசுக் கடன் தள்ளுபடியும் வரிச்சுமைக்கான தொகையும் வழங்கப்பட்டன. விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 22,700 கோரிக்கைகளில் சுமார் 15,600 ஏற்கப்பட்டன. மொத்தத்தில் நூறு கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டது.

தெருவில் நடந்த போராட்டம் துறைத் தலைமையை நகர்த்தியது. தலைமையின் பயணம் ஆவணத்தை உருவாக்கியது. ஆவணம் வழக்குக்கு வலுவூட்டியது. வழக்கும் போராட்டமும் சேர்ந்து சட்டத்தைத் திருத்த வைத்தன. இந்தச் சங்கிலியில் வருகை ஒரு கண்ணி. மற்றக் கண்ணிகள் இல்லாதிருந்தால் 1982 அறிக்கை சென்ற அதே அலமாரிக்கே 1997 அறிக்கையும் சென்றிருக்கும்.

வந்து சேராதவை

வெற்றியின் கணக்கை மட்டும் எழுதினால் பாதி உண்மையையே எழுதியவர்கள் ஆவோம்.

முதலாவதாக, நிலம் திரும்பவில்லை. ஏலத்தில் போன பண்ணைகளின் மதிப்போடு ஒப்பிட்டால் 50,000 டாலர் சிறு தொகை. ஒரு டிராக்டரின் விலைக்குக்கூடப் போதாது என்று விவசாயிகள் குமுறினார்கள்.

இரண்டாவதாக, மெய்ப்பிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தோளிலேயே ஏற்றப்பட்டது. தம்மைப் போன்ற நிலையிலிருந்த வெள்ளையின விவசாயி ஒருவரைக் குறிப்பிட்டுக் காட்டி, அவருக்குத் தம்மைவிடச் சாதகமாக நடந்தது என்று ஒவ்வொருவரும் நிறுவ வேண்டியிருந்தது. அதற்கான ஆவணங்கள் இருந்ததோ பாகுபாடு காட்டிய அதே உள்ளூர் அலுவலகத்தில். பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு கடன் பெற்றார் என்பதைக் கறுப்பின விவசாயி எங்கே போய்த் தேடுவார்?

மூன்றாவதாக, செய்தி சென்று சேரவில்லை. கோரிக்கை மனுவுக்கான கெடு 1999 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு 60,000க்கும் மேற்பட்டோர் தாமதமாக விண்ணப்பித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவர்களுக்காக மீண்டும் போராட்டம் நடந்தது. 2008 வேளாண் சட்டம் புதிய வழி திறந்தது. 2010 பிப்ரவரியில் 125 கோடி டாலர் உடன்பாடு எட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான நிதியை வழங்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் பதினோர் ஆண்டுகள். அதற்குள் முதியவர் பலர் காலமாகிவிட்டனர்.

நான்காவது குறையே எல்லாவற்றினும் பெரியது. விண்ணப்பத்தைத் தொலைத்த அதிகாரி, தாமதப்படுத்திய குழு, புகாரைப் புதைத்த பிரிவு ஆகிய எவரையும் அந்த உடன்பாடு தண்டிக்கவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று துறையைக் கட்டுப்படுத்தும் உத்தரவும் அதில் இல்லை. விவசாயிகள் இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிபதியும் அவர்களின் கவலையைத் தீர்ப்பில் குறிப்பிட்டார். ஆனால் உடன்பாட்டைத் திருத்தி எழுதும் அதிகாரம் தமக்கில்லை என்ற நிலையை எடுத்தார். கவுண்டிக் குழு முறை இன்றும் நீடிக்கிறது. துறையில் குடியுரிமைக்கெனத் துணைச் செயலாளர் பதவி ஒன்று 2002 சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஆயினும் 2008இல் அரசின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, புகார்களைக் கையாள்வதில் பழைய குறைபாடுகள் தொடர்வதைக் கண்டது.

இதன் விளைவை 2021இல் காண முடிந்தது. வரலாற்று அடிப்படையில் ஒடுக்கப்பட்ட இன விவசாயிகளின் கடன்களை அடைக்க ஏறத்தாழ 400 கோடி டாலர் அவ்வாண்டின் மீட்புச் சட்டத்தில் ஒதுக்கப்பட்டது. இது தங்களுக்கு எதிரான பாகுபாடு என்று வெள்ளையின விவசாயிகள் பல மாநிலங்களில் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றங்கள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அந்தப் பிரிவை நீக்கியது. அதற்கு மாற்றாக, எந்த இனத்தைச் சேர்ந்தவராயினும் துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு உள்ளானவருக்கு நிதியுதவி என்று சட்டம் மாற்றி எழுதப்பட்டது. அதன்படி 2024 ஜூலை இறுதியில் 43,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. உதவி கிடைத்தது நல்லதே. ஆனால் இழைக்கப்பட்ட அநீதிக்கு நிறம் இருந்தது. நிவாரணச் சட்டத்தின் வாசகத்திலோ அந்த நிறம் அழிக்கப்பட்டுவிட்டது. இடஒதுக்கீட்டைப் பொருளாதார அளவுகோலுக்குள் அடக்கப் பார்க்கும் வாதங்களை நன்கறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

செங்கல்பட்டு, 1891

அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் மராட்டியத்தில் தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்றதும் நாம் அறிந்தவை. நிலத்தின் வரலாற்றிலும் இரு மக்களுக்கும் அத்தகைய நெருக்கம் உண்டு. துறைத் தலைமை நேரில் அறிந்து எழுதிய அறிக்கைக்கு நம் மண்ணில் பெரிய எடுத்துக்காட்டு, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜேம்ஸ் டிரெமென்ஹீர் 1891இல் சென்னை மாகாண அரசுக்கு அளித்த குறிப்பு. அக்காலத்தில் நிலவரி நிர்வாகத்தின் மாவட்டத் தலைவர் ஆட்சியரே. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு அவர்கள் விண்ணப்பித்தால் மிராசுதாரர்கள் குறுக்கே நின்று தடுக்கிறார்கள். நிலமற்ற நிலையே அவர்களை அடிமைத்தனத்தில் வைத்துள்ளது என்று அவர் விளக்கினார்.

வர்ஜீனியாவில் காணாமற்போன கடன் விண்ணப்பமும் செங்கல்பட்டில் தடுக்கப்பட்ட தரிசு நில விண்ணப்பமும் ஒரே இடத்தில்தான் சிக்கின. தலைநகர் அரசு எழுதிய விதியை உள்ளூர் நிலவுடைமையாளர் நிறைவேற்றும் இடம் அது.

டிரெமென்ஹீரின் குறிப்பைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் அரசாணை பிறந்தது. அதன் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களையே நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் அவை 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்களின் நெடுநாளைய கணக்கு. முதல் பத்தாண்டுகள் அந்த நிலத்தை எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. எழுத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பு அரிது. ஆனால் அந்த நிபந்தனையைக் காக்கும் பொறுப்பு மீண்டும் கிராமக் கணக்கரிடமும் வட்ட அலுவலகத்திடமும் பத்திரப் பதிவு அலுவலகத்திடமுமே விடப்பட்டது. நிலங்கள் கைமாறின. நூறாண்டுகளுக்குப் பின், டிரெமென்ஹீர் ஆட்சி செய்த அதே மாவட்டத்தில், காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஓர் ஆட்சியரின் அறிக்கை கொடுத்த நிலத்தை இன்னொரு காலத்தின் மக்கள் உயிர்கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

வருகையை எடைபோடுவது எப்படி

இந்த இரு வரலாறுகளிலிருந்தும் களத்தில் நிற்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. உயர் அதிகாரியோ ஆணையத் தலைவரோ ஊருக்கு வரும்போது இவற்றை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில், எங்கே கேட்கிறார்? ஊராட்சி அலுவலகத்திலா, ஆதிக்க சாதித் தெருவின் மண்டபத்திலா, பாதிக்கப்பட்டோரின் குடியிருப்பிலா? இடமே யார் வாய் திறப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுத்து, யார் உடன் நிற்கிறார்? புகாருக்கு உள்ளான வட்டாட்சியரும் காவல் ஆய்வாளரும் அருகில் நிற்கையில் பெறப்படும் வாக்குமூலம் முழுமையாக இராது. துறை ஊழியர்களும் பேச வாய்ப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 1997இல் ஊழியர்களின் சாட்சியம் விவசாயிகளின் சாட்சியத்துக்கு வலுச் சேர்த்தது.

மூன்றாவது, எழுத்தில் என்ன இருக்கிறது? வாய்மொழி ஆறுதல் நீதிமன்றத்தில் செல்லாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகை, பதிவான வாக்குமூலத்தின் படி, அறிக்கை வெளியாகும் நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். அறிக்கை வெளியிடப்படாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நான்காவது, காத்திருக்கும் காலத்தில் எந்தக் கெடு முடிகிறது? மேல்முறையீட்டுக் காலம், வழக்குக் காலவரம்பு, ஏலத் தேதி எதுவும் ஆய்வு முடியும்வரை நமக்காக நிற்பதில்லை. அமெரிக்க விவசாயிகள் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். ஐந்தாவது, தவறு செய்த அதிகாரி மீது நடவடிக்கை உண்டா?

இந்தக் கடைசிக் கேள்வியில், ஏட்டளவிலாவது நம் சட்டம் அந்த உடன்பாட்டைவிட முன்னே நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தன் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் வகுப்பைச் சேராத பொது ஊழியரைத் தண்டிக்க வகை செய்கிறது. பட்டியல் வகுப்பாரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் 3ஆம் பிரிவின்படி வன்கொடுமைக் குற்றங்கள். 1995 விதிகளின் 6ஆம் விதி, வன்கொடுமை பற்றிய தகவல் கிடைத்தவுடன் மாவட்ட நிர்வாக நடுவரோ உரிய அதிகாரியோ தாமே நேரில் சென்று பார்வையிட்டு, இழப்பை மதிப்பிட்டு, பாதிக்கப்பட்டோர் பட்டியலைத் தயாரித்து, மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. ஆகவே நம் நாட்டில் அதிகாரியின் வருகை அவருடைய கருணை ஆகாது. சட்டம் விதித்த கடமை. அரசமைப்பின் 338ஆம் பிரிவின்கீழ் அமைந்த தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விசாரணை நடத்துகையில் சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களை வரவழைப்பதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் அதற்கு உண்டு. பக்கத்துப் பண்ணையின் கடன் ஆவணம் கிடைக்காமல் தவித்த அமெரிக்க விவசாயிக்கு இல்லாத வழி இது. நில வழக்குகளில் பதிவேடுகளை வரவழைக்கும்படி ஆணையத்திடம் எழுத்து வழியாகக் கோருவதை நாம் வழக்கமாக்க வேண்டும்.

நம் சட்டத்தில் உள்ளவை பெரும்பாலும் நடப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் நடக்கவில்லை என்பதை நிறுவவும் ஆவணம் வேண்டும். 6ஆம் விதிப்படி அறிக்கை அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டதென்றால் அதில் என்ன எழுதப்பட்டது, இல்லையென்றால் 4ஆம் பிரிவு ஏன் பாயவில்லை என்று ஒவ்வொரு நிகழ்விலும் கேட்கும் பழக்கம் மாணவர் அமைப்புகளுக்கும் உண்மையறியும் குழுக்களுக்கும் வந்துவிட்டால், அதிகாரிகளின் வருகை நிழற்படத்தோடு முடிந்துபோகாது.

வாஷிங்டன் தெருவில் நின்ற விவசாயிகள் 1996 டிசம்பரில் தங்கள் துறைத் தலைவர் வந்து கேட்க வேண்டும் என்று மட்டும் கோரியிருந்தால், 1997 ஜனவரியிலேயே அவர்களின் போராட்டம் முடிந்திருக்கும். கேட்டபின் என்ன செய்தாய் என்று அவர்கள் அடுத்த பதினான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிடைத்தது குறைவு, எனினும் கிடைத்த ஒவ்வொன்றும் அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைத்தது.